மைவோர் அழித்த படங்கள்

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்தான். செப்டம்பரில் ஒரு மதியம் அந்தச் சுவருக்கு அப்பால் டிரில்லிங் மெஷின் ஓடியது. கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. மைவோர் அலமாரி மாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன். எழுபத்தேழு வயதிலும் தன் வீட்டு ஆணியைத் தானே அடித்துக்கொள்கிற பெண்மணி அவர். அது அலமாரி இல்லை என்பது எனக்கு நவம்பர் கடைசியில்தான் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் யாரோ கதவை உள்ளங்கையால் அடித்தார்கள். அழைப்பு மணி இருக்கும்போது எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. திறந்தால் மைவோர். கோட் இல்லை, காலணி இல்லை. கம்பளிக் காலுறையோடு பனியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாணி, நீ ஸ்கூல் கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கறவதானே?"

"ஆமா. என்ன ஆச்சு? உள்ள வாங்க, கால் நனைஞ்சு போச்சு."

"நீ வா. புள்ளைங்களைக் காணோம்."

அவர் வீட்டில் பிள்ளைகள் இருந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூளையில் ஏதோ அடைத்துக்கொண்டதோ என்று பயந்து, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கோணவில்லை. ஆனால் உதடுகளில் நிறமே இல்லை.

அவருடைய சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. 'பிள்ளைகள்' என்று பெயரிட்ட ஒரு போல்டர். அதற்குள்ளே வெள்ளை. இந்த போல்டர் காலியாக இருக்கிறது என்று நடுவில் ஒரு வரி.

"இது கிளவுட். இங்கதான் எல்லாம் இருந்துச்சு," என்றார் மைவோர். "காணாமப் போகவே போகாதுன்னு சொன்ன எடம்."

மைவோர் ஒபெரி, எங்கள் ஊரான சோடர்ஹாம்னில், டாக்ஸி நிலையத்தில் போன் எடுத்து வண்டி அனுப்பும் வேலையில் இருந்தவர். அது சம்பளத்துக்கு. அதோடு முப்பது வருடம் அவர் வீடு அவசர வீடாகவும் இருந்தது. அப்பா அடிக்கிறார், அம்மா குடித்து விழுந்து கிடக்கிறார், இன்றைக்கே இந்தக் குழந்தையை எங்காவது சேர்த்தாக வேண்டும் என்றால், சமூகநல அலுவலகத்திலிருந்து அவருக்குத்தான் போன் வரும். துணிகளைத் திணித்த கறுப்புக் குப்பைப் பையோடு குழந்தை வாசலில் வந்து நிற்கும். சிலது இரண்டு வாரம் இருக்கும், சிலது எட்டு மாதம். பிறகு வேறு வீடு, வேறு ஊர். எந்த அளவுக் குழந்தை வந்தாலும் கொடுக்கப் பிரிக்காத பல்துலக்கியும் இரவு உடையும் ஓர் இழுப்பறை நிறைய வைத்திருந்தார்.

வந்த முதல் சனிக்கிழமை, குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போவார். இங்கே பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான். கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து தனக்குப் பிடித்ததைத் தானே அள்ளிப் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் சமையலறைப் பெஞ்சில் பையோடு உட்காரவைத்து ஒரு படம். அதன்பின் அவர்கள் இருக்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு படம்.

எதற்கு என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"உனக்குச் சின்ன வயசுப் படம் இருக்குல்ல? எனக்கும் இருக்கு. இதுங்களுக்கு இருக்காது. வீடு மாறிக்கிட்டே இருக்கறவனுக்கு மொதல்ல தொலையறது படம்தான்."

குழந்தை கிளம்பும்போது ஒரு பிரதி கொடுப்பார். கூடவே ஒரு வாக்கும் கொடுப்பார். இது தொலைஞ்சா பரவால்ல, என்கிட்ட ஒண்ணு இருக்கு, எப்ப வேணும்னாலும் வா.

அந்தப் படங்களைத்தான் காணோம்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பாக்கல. செப்டம்பர்ல சுத்தம் பண்ணினேன், அதுக்கப்பறம் திறக்கவே இல்ல. இன்னிக்கு யோன்னா போன் பண்ணினா, இங்க இருந்த புள்ளைங்கள்ல ஒருத்தி. சனிக்கிழமை வர்றா. சரி, பெருசா ஒண்ணு பிரின்ட் எடுத்து வெக்கலாம்னு திறந்தேன்."

சுத்தம் என்று அவர் சொன்னது எந்தச் சுத்தம் என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்கா குன்-பிரிட் இறந்தபோது பெரிய வீடு நிறையச் சாமான் விட்டுப்போனார். ஒரு கோடை முழுவதும் அதைக் காலி செய்ததில் மைவோருக்கு முதுகு போய்விட்டது. நான் செத்தால் என் பையன் ஒரு டப்பாவைக்கூடத் தூக்கக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தார். இந்த ஊரில் இது புதிதில்லை. வயதானவர்கள் சாவதற்கு முன்பே தங்கள் சாவுக்குப் பிறகான வேலையைச் செய்துவிடுவார்கள். பீங்கான் போனது, திரைச்சீலை போனது, பெங்ட்டின் மீன்பிடிக் கம்புகள் போயின. பெங்ட் அவருடைய கணவர், போய்ப் பல வருடமாகிறது. ஆல்பங்களை நூலகத்து ஸ்கேனரில் வைத்து இரண்டு குளிர்காலம் கணினிக்குள் ஏற்றினார்.

"ஆல்பம் எங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணா கத்தரியால வெட்டி மறுசுழற்சியில போட்டேன். சும்மா போட முடியுமா? அதுல பாதிப் புள்ளைங்க எங்க இருக்குன்னு அப்பன்காரனுக்கே தெரியக்கூடாதுன்னு கோர்ட் சொன்ன புள்ளைங்க."

"தனியா ஒரு ஹார்டு டிஸ்க் வெச்சிருந்தீங்களே?"

"மூணு ஓட்டை போட்டேன். பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்தான், இல்லன்னா எவனாவது எடுத்துப் பாத்துடுவான்னு. செப்டம்பர்ல. உனக்குச் சத்தம் கேட்டிருக்குமே?"

கேட்டிருந்தது.

"சரி, இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தது?"

"அதை அழிச்சேன். அதான் மேல இருக்கே, கீழ எதுக்கு? ஒரே படம் மூணு எடத்துல கெடக்கறது குப்பைதானே?" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன?"

எப்படிச் சொன்னாலும் அது ஒரே செய்திதான். இந்தக் கணினியில் இருந்ததும் கிளவுடில் இருந்ததும் இரண்டு இல்லை, ஒன்றுக்கொன்று கட்டிவைத்தது. இங்கே ஒரு படத்தை எடுத்தால் அங்கேயும் எடுபடும். அவர் கீழே அழித்த அதே நிமிடம் மேலேயும் அழிந்திருக்கிறது.

மைவோர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நானா?" என்றார். "எவனோ திருடிட்டான்னு நெனச்சேன். நானேவா?"

கிளவுடின் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலி.

"அதையும் காலி பண்ணினேன்," என்றார் மெல்ல. "நெறஞ்ச தொட்டியை யாராவது வெச்சிருப்பாங்களா?"

பழைய நிலைக்குத் திருப்பும் வசதி ஒரு மாதத்துக்குத்தான் உண்டு. அது எப்போதோ முடிந்திருந்தது. கணினியின் உள்ளே அழிந்த கோப்புகளைத் துழாவும் மென்பொருளை ஓட்டினேன். இந்தப் புது வகைச் சேமிப்பகங்கள் அழித்த இடத்தைத் தாங்களே துடைத்துவிடும். இரண்டு மாதத்தில் ஒரு சுவடும் இல்லை.

அதற்குள் மைவோர், மால்மோவில் இருக்கும் மகன் ஹோகானை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அம்மா, நான் அன்னிக்கே சொன்னேன்ல, ரெண்டும் சேந்தே ஓடும்னு."

"நீ சொன்னது, வீடே எரிஞ்சாலும் படம் இருக்கும்னு."

"வீடு எரிஞ்சா இருக்கும்மா! நீயே கொளுத்தினா?"

"சிரிக்கிறியா நீ?"

"சிரிக்கல. எனக்கு வேற என்ன சொல்றதுன்னே தெரியல. ஓட்டை வேற போட்டிருக்கே. யாரும்மா ஹார்டு டிஸ்க்ல ஓட்டை போடுவாங்க? மாஃபியாவா நீ?"

"உனக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாதுன்னு பண்ணினேன்டா."

"வைக்கவே இல்ல," என்றார் ஹோகான். இப்போது குரலில் கேலி இல்லை. "யோன்னான்னா, அந்த அண்ணன் தங்கச்சியா? பெஞ்சுல ஒண்ணா ஒட்டிக்கிட்டே உக்காருமே, அதுங்களா?"

"அதுங்கதான். ரோனி செத்துப் போயிட்டான். பத்தொம்பது வயசுல. அவன் சின்னப்புள்ளையா இருந்த படம் வேற யார்கிட்டயும் இல்ல. அவளுக்கு இப்ப ஏழு மாசம். பையனாம். அதுக்குத்தான் கேக்கறா."

மைவோர் போனை வைத்தார்.

எனக்கு ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அதை முன்கூட்டிச் சொல்லி ஆசை காட்ட மனம் வரவில்லை. போல்டரைத் திறந்தால் ஒவ்வொரு படமும் குட்டியாகத் தெரியுமே, அந்தக் குட்டிகளைக் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதில்லை. ஒருமுறை செய்து, தனியாக ஒரு மூலையில் போட்டுவைத்திருக்கும். அசல் அழிந்தாலும் சில சமயம் அது அங்கேயே கிடக்கும். மைவோர் தனக்குத் தெரிந்த இடமெல்லாம் துடைத்தவர். இந்த மூலை அவருக்குத் தெரியாது.

பள்ளியில் ஓர் ஆசிரியைக்காக ஒருமுறை செய்தது நினைவிருந்தது. அந்த மூலையைத் திறந்ததும் திரை நிறைந்தது. குன்-பிரிட் வீட்டு நாற்காலி, ஏதோ ரொட்டிக் குறிப்பு, பெங்ட்டின் படகு, பிறகு குழந்தைகள். தபால் தலை அளவில் குழந்தைகள். பெஞ்சு, மிட்டாய்ப் பை, குழந்தை. பெஞ்சு, மிட்டாய்ப் பை, வேறு குழந்தை. பெயர் எதற்கும் இல்லை; பெயர்கள் அசலோடு போய்விட்டன.

மைவோர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். பெயர் சொல்ல வாய் திக்கவில்லை.

"இது மார்கஸ். படுக்கைக்கு அடியிலதான் தூங்குவான். இது அந்த ஃபின்லாந்துக்காரி புள்ள, பேசவே மாட்டா, போற அன்னிக்கு மட்டும் வாயைத் திறந்து, உன் மீட்பால்ல உப்பு பத்தலன்னு சொல்லிட்டுப் போனா. இவன் பேரு லியாம், கன்னத்துல தையல் போட்டிருக்கு பாரு. இவ... இவ இப்ப போலீஸ்காரி."

போகப் போக அவர் குரல் இறங்கியது. எல்லாரும் இல்லை. அவர் எந்தப் போல்டரை எப்போதாவது திறந்து பார்த்தாரோ அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். திறக்காத குழந்தைகள் எந்த மூலையிலும் இல்லை. இல்லாதவர்களின் பெயரையும் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

யோன்னாவும் ரோனியும் இருந்தார்கள். ஒரே ஒரு படம்.

"பெருசாக்கு," என்றார்.

பெரிதாக்கினேன். முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறின. மைவோர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "திருப்பி சின்னதாக்கு," என்றார்.

எடுத்த குட்டிப் படங்களை ஒரு யுஎஸ்பியில் போட்டேன்.

"இதை எத்தன எடத்துல வெக்கணும்?"

"மூணு எடத்துலயாவது. ஒண்ணோட ஒண்ணு சேராம."

அவர் யுஎஸ்பியை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை நான் அங்கே இருக்க விரும்பவில்லை. பிறர் வீட்டு விஷயம் நடக்கும்போது நடுவில் நிற்பது எனக்கு ஆகாது. கணினியைத் திறந்து காட்ட ஆள் வேண்டும் என்று மைவோர் சொன்னதால் போனேன். மேசையில் காப்பியும் குங்குமப்பூ ரொட்டியும் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. ஜன்னலோரமே நின்றார்.

யோன்னா காவ்லேயிலிருந்து தானே வண்டி ஓட்டி வந்திருந்தாள். பெரிய வயிறு, சிவந்த மூக்கு. நுழைந்ததும் மைவோரைக் கட்டிக்கொண்டு, "அய்யோ, நீ இவ்ளோ குட்டியாவா இருந்தே!" என்று சிரித்தாள். பிறகு பூட்ஸைக் கழற்ற ஒரு கையால் சுவரைப் பிடித்தாள்.

"கழட்டாதே," என்றார் மைவோர். "மொதல்ல நான் சொல்றதைக் கேளு. கேட்டுட்டு உள்ள வர்றதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. படம் போச்சு. நான்தான் அழிச்சேன்."

யோன்னா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்தில் இருக்க, கண் மட்டும் மாறியது.

"என்ன சொல்றே?"

"வேணும்னு இல்ல. சாகறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒழுங்கு பண்றேன்னு உக்காந்தேன். தப்பா அழிச்சிட்டேன்."

"அந்தப் பச்சை ஆல்பம்?"

"அதை முன்னயே வெட்டிப் போட்டேன்."

"வெட்டினியா? எதால?"

"கத்தரியால."

"எங்க மூஞ்சியை உக்காந்து கத்தரியால வெட்டினியா?"

"வேற யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான்மா."

"யார் கண்ணுல?" யோன்னாவின் குரல் கூடம் முழுக்க அடித்தது. "எங்களை யாரு பாக்கப் போறா? பாக்கறதுக்கு ஒரு ஆளு இல்லன்னுதானே உன் வீட்டுக்கே வந்தோம்! நீதானே சொன்னே, என்கிட்ட இருக்கு, எப்ப வேணும்னாலும் வான்னு. முப்பது வருஷமா அதை நம்பித்தான் நான் எதையும் தேடல. தெரியுமா உனக்கு? நான் தேடவே இல்ல!"

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். வண்டியின் என்ஜின் ஓட ஆரம்பித்தது. ஆனால் வண்டி நகரவில்லை. உள்விளக்கு எரிந்தது, கண்ணாடியெல்லாம் மூச்சில் மங்கியது.

"போய்க் கூப்பிடவா?" என்றேன்.

"வேணாம். அவ கோவத்தையும் நாம எடுத்துக்கக் கூடாது."

காப்பி ஆறிப்போனது. ஒருவழியாகக் கதவு திறந்தது. யோன்னா எங்களைப் பார்க்காமல் பூட்ஸை உதறினாள்.

"எனக்கு முட்டிக்கிட்டு வருது. அதுக்குத்தான் வந்தேன். உன்கூடப் பேச வரல."

"எடம் தெரியும்ல? அதே எடம்தான்."

"தெரியும்."

அவள் திரும்பி வந்தபோது நான் கணினியைத் திறந்து வைத்திருந்தேன். மைவோர் அவளை அழைக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். யோன்னா நின்றபடியே திரையைப் பார்த்தாள். பிறகு வயிறு மேசையில் இடிக்கக் குனிந்தாள். இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கப் பார்த்தாள்.

"பெருசாக்கினா உடைஞ்சிடும்," என்றேன். "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்றாள். அந்த அளவில் ரோனிக்கு மூக்கோ கண்ணோ கிடையாது. நெற்றியில் விழுந்த முடி தெரிந்தது. தங்கை பக்கம் சாய்ந்த தோள் தெரிந்தது. ஒரு கை அவள் மடியிலிருந்த பைக்குள் போயிருந்தது.

"என் பையில கையை விடறான்," என்றாள் யோன்னா. "என்கிட்ட திருடியிருக்கான். நான் எல்லார்கிட்டயும், எங்க அண்ணன் தன்னோடதையெல்லாம் எனக்குக் குடுப்பான்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"எடுக்கல. போடறான்," என்றார் மைவோர். "கறுப்பு உப்பு மிட்டாய். அவனுக்கு அது ஆகாது. கடையில கை போன போக்குல அள்ளிடுவான், வீட்டுக்கு வந்து பாத்தா அது இருக்கும். வேணாம்னு சொன்னா அடி விழும்னு அவங்க வீட்டுப் பழக்கம். அதான் யாரும் பாக்காதப்போ உன் பையில தள்ளிடுவான். நான் கேமராவோட நிக்கறதை அன்னிக்கு மறந்துட்டான்."

"அப்போ பாசத்துல இல்ல."

"பாசமும் இருந்துச்சு. உப்பு மிட்டாயும் இருந்துச்சு."

யோன்னா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு இன்னிக்கும் அது ஒண்ணுதான் பிடிக்கும்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்ததைப் பார்த்து, இன்னொருவருக்கு அனுப்பி, அவருக்கும் வந்ததா என்று அங்கேயே போன் பண்ணிக் கேட்டாள். அதன் பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்," என்றாள் மைவோரிடம்.

"இரு."

"மறக்க மாட்டேன்."

"சரி."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் அடுத்ததைக் கேட்டாள்: "மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?"

மைவோர் நிமிர்ந்தார்.

"எவங்களுக்கு?"

"எங்களை மாதிரி வந்தவங்களுக்கு. அவங்களும் உன்கிட்ட இருக்குன்னுதானே நெனச்சிட்டிருப்பாங்க. என்னை மாதிரி ஒருநாள் வந்து நிப்பாங்க. அப்ப நீ இருக்கியோ இல்லியோ."

வியாழக்கிழமை என் கதவை அடித்தபோது இருந்த முகத்தைவிட இப்போது மைவோரின் முகம் மோசமாக இருந்தது. இந்த ஒரு வாசலைக் கடந்துவிட்டால் போதும் என்று அதுவரை அவர் நினைத்திருக்க வேண்டும்.

யோன்னா இருட்டுவதற்கு முன் கிளம்பிவிட்டாள். இருட்டு மூன்று மணிக்கே வந்துவிடும் மாதம். நானும் கோட்டை எடுத்தேன்.

"நீ கொஞ்சம் இரு," என்றார் மைவோர். "நம்பர் தேடிக் குடு. எல்லாருது கெடைக்காது, சில பேரோட பேரையே கவர்மென்ட் மறைச்சு வெச்சிருக்கு. கெடைக்கறவங்களுக்குச் சொல்லணும்."

"முதல்ல படம் கிடைச்சவங்களுக்குச் சொல்லலாமே?"

"வேணாம். கெடைக்காதவங்களுக்கு மொதல்ல."

அவர் சொன்ன முதல் பெயர் டேனியல். அந்தக் குட்டிப் படங்களில் அவன் இல்லை. எண்ணைத் தேடிக் கொடுத்தேன். மைவோர் மேசையிலிருந்த கோப்பைகளை ஓரமாக நகர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அதை அழுத்தினார்.

"டேனியலா? நான் மைவோர். சோடர்ஹாம்ன் மைவோர். ஆமா, ஆமா, அதே மைவோர்தான். இல்லப்பா, யாரும் சாகல. நீ வண்டி ஓட்டறியா? அப்ப ஓரமா நிறுத்து. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தார். பிறகு, யோன்னாவிடம் சொன்னதைப் போலவே, முன்னுரை இல்லாமல் சொன்னார்.

மறுமுனையில் டேனியல் என்ன பேசினான் என்று எனக்குப் புரியவில்லை; சத்தம் மட்டும் கேட்டது. மைவோர் போனைக் காதிலிருந்து விலக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஆமா. ஒண்ணுகூட இல்ல," என்றார்.